ஓலைச்சுவடி முதல் ஸ்லைடு வரை: கொஞ்சம் ஓரம் விடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தாள். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வாரக் கடைசியில்தான் அரக்கோணம் வருவாள். வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் வருகிறார்களாம், அவர்கள் முன்னால் பத்து ஸ்லைடு போட்டுப் பேச வேண்டுமாம்.

"தாத்தா, கூட்டல் எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தங்க இடம் இல்லை. மேல் விளிம்பை இடித்துக்கொண்டு தலைப்பு, இடது விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஷூ படம், அதன்மேல் கால்வாசி ஏறி உட்கார்ந்த அட்டவணை, கீழே இடம் போதாமல் பொடி எழுத்தில் நான்கு வரி. ஒரு ஸ்லைடில் தலைப்பு இடப்பக்கம், அடுத்ததில் நடுவில். பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக் கூட்டம் மாதிரி இருந்தது.

நான் நேராக எதுவும் சொல்லவில்லை. "ஏம்மா, தோலில் ஷூவுக்கு வெட்டும்போது அச்சை தோலின் கடைசி விளிம்பு வரை வைத்து வெட்டுவீர்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வெட்ட மாட்டோம் தாத்தா. ஓரத்துல தோல் லூசா இருக்கும், இழுத்தா வந்துடும். முதுகுப் பக்கம்தான் நல்ல தோல். அதுலயும் தையலுக்கு மடிக்க ஓரம் விட்டுத்தான் வெட்டுவோம்."

"அப்படியானால் இதில் ஏன் விடவில்லை?" என்று திரையைக் காட்டினேன். சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவளோடு பேசிக்கொண்டிருந்ததைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஓரம் விடுவதும் கட்டம் போடுவதும் கணினியோடு வந்தவை அல்ல. அவற்றுக்குப் பெரிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு மூலையில் நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

எனக்கு ஓரம் அறிமுகமானது புதுச்சேரியில். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். நாங்கள் எழுதிய நோட்டுப் புத்தகத்தில் சாதாரணக் கோடு கிடையாது. 8 மில்லிமீட்டர் சதுரக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய படுக்கைக் கோடுகள், இடப்பக்கம் சிவப்பில் ஓர் ஓரக்கோடு. சின்ன எழுத்து எந்தக் கோடு வரை ஏற வேண்டும், பெரிய எழுத்து எதுவரை, வால் எதுவரை இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. பாரிசுக்குப் பக்கத்தில் பொந்துவாஸ் என்ற ஊரில் புத்தகக் கடையும் எழுதுபொருள் கடையும் வைத்திருந்த ழான் அலெக்சாந்தர் சேயேஸ் என்பவர் இந்தக் கோட்டமைப்பை 1892இல் பதிவு செய்தார். பிரான்சில் இன்றைக்கும் பிள்ளைகள் அந்தச் 'சேயேஸ்' கட்டத்தில்தான் எழுதுகிறார்கள்.

சிவப்புக் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் ஓர் எழுத்து போனாலும் வாத்தியார் விட மாட்டார். "அது உன் இடம் இல்லை, என் இடம்" என்பார். மதிப்பெண், திருத்தம், திட்டு எல்லாம் அங்கேதான் விழும். ஓரம் என்பது அடுத்தவருக்காக விடும் இடம் என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

ஆனால் பிரெஞ்சுக்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒரு சுவடியைக் கவனித்துப் பாருங்கள். ஓலையின் அகலம் இரண்டு மூன்று விரல்கடைதான். அதில் நாலைந்து வரிகள் நெருக்கி எழுதியிருப்பார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. அப்படிச் சிக்கனமாக எழுதியவர்களே இரண்டு இடத்தில் மட்டும் தாராளம் காட்டினார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுத்து விலகி நிற்கும். ஏனென்றால் கயிறு உரசி உரசி அந்த இடம் தேயும். இரண்டு முனைகளிலும் காலி விட்டார்கள். ஓலை முதலில் உடைவதும் பூச்சி அரிப்பதும் முனையில்தான். அந்த இடது முனையில்தான் ஏட்டு எண் இருக்கும். ஓரம் சிதைந்தாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும்.

கட்டம் என்பதும் நமக்குப் புதிது அல்ல. வாசலில் புள்ளிக் கோலம் போடும் பெண்கள் முதலில் கோடு இழுப்பதில்லை. புள்ளியைத்தான் வைக்கிறார்கள். வரிசையும் இடைவெளியும் சரியாக விழுந்துவிட்டால் கோடு தானாக வளைந்து வந்துவிடும். கோலம் முடிந்த பிறகு புள்ளி கண்ணில் படாது. ஆனால் புள்ளி பிசகினால் கோலம் காட்டிக் கொடுத்துவிடும்.

காகிதம் வந்த பிறகு சிக்கல் வேறு விதமானது. ஜெர்மனியில் கூட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சிட்ட பைபிளில் பெரும்பாலான பக்கங்களில் இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி. சுற்றிலும் அகலமான ஓரம். அந்த ஓரத்தில் பிறகு ஓவியர்கள் கொடியும் பூவும் வரைந்தார்கள். அந்தக் காலப் புத்தகங்களை அளந்து பார்த்த யான் சிக்கோல்டு என்ற அச்சுக்கலைஞர், உள் ஓரம் 2 பங்கு என்றால் மேலே 3, வெளியே 4, கீழே 6 என்று ஒரு விகிதம் சொன்னார். கீழே ஏன் அவ்வளவு என்று தோன்றும். புத்தகத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள், கட்டைவிரல் அங்கேதான் இருக்கும்.

நம் பக்கத்தில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. பார்த்தால் எழுத்து பெரிது. அதே அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. அந்த எழுத்தில்தான் 1714, 1715இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். காகிதம் விலையுயர்ந்த பொருளாக இருக்கும்வரை சிக்கனம் எழுத்தின் மேலோ ஓரத்தின் மேலோதான் விழும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பிரான்சில் பதினான்காம் லூயி காலத்தில் கட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். 1690களில் அறிவியல் கழகத்தார் கூடி, அரச அச்சகத்துக்கு எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பெரிய எழுத்து ஒவ்வொன்றையும் 2,304 சிறு சதுரங்களுக்குள் அளந்து வரைந்தார்கள், அதாவது 48க்கு 48. ஆனால் அதை எஃகில் வெட்ட வேண்டிய பிலிப் கிரான்ழான் என்ற கைவினைஞர் எல்லாச் சதுரத்தையும் அப்படியே பின்பற்றவில்லை. தன் கண் சொன்னதையும் கேட்டார். 1702இல் அந்த எழுத்தில் முதல் புத்தகம் வந்தது. கட்டம் கண்ணுக்கு வேலைக்காரன்தான், எஜமான் இல்லை என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

எழுபதுகளில் வேலை தேடி இந்தப் பக்கம் வந்தபோது எனக்குப் பிரெஞ்சு சோறு போடவில்லை. தட்டச்சுதான் போட்டது. அரக்கோணத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தேன். தேர்வில் முதல் தாள் வேகம். இரண்டாம் தாள் கடிதமும் ஸ்டேட்மென்ட்டும். பலரைக் கவிழ்த்தது இந்த ஸ்டேட்மென்ட்தான். கன்னாபின்னா என்று எழுதிக் கொடுத்த அட்டவணையை நாம் அழகாகக் கலம் பிரித்து அடிக்க வேண்டும். அரசாங்கத் தமிழில் 'கலம்' என்றால் காலம், அதாவது நெடுக்கு வரிசை.

தட்டச்சுப் பொறியே ஒரு கட்டத்தாள்தான். பைக்கா எழுத்து என்றால் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து, ஓர் அங்குலத்துக்கு 6 வரி. ஃபுல்ஸ்கேப் தாளின் அகலம் எட்டரை அங்குலம், ஆக 85 இடம். இனிக் கணக்கைப் பாருங்கள். நான்கு கலம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மிக நீளமான பதிவு 5, 20, 15, 10 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50. 85இல் 50 போனால் 35. இடது ஓரம், வலது ஓரம், நடுவில் மூன்று இடைவெளி, ஆக ஐந்து வெற்றிடம். 35ஐ ஐந்தால் வகுத்தால் 7. முதல் கலம் 7இல் தொடங்கும். அடுத்தது 19, பிறகு 46, பிறகு 68. அந்த இடங்களில் டேபுலேட்டரை நிறுத்திவிட்டால் வண்டி தானாகப் போய் நிற்கும்.

கவனித்தீர்களா? எழுதப்போகும் 50ஐ எண்ணிவிட்டு, முதலில் பங்கு போட்டது எழுதாத 35ஐத்தான். வெற்றிடத்தைப் பங்கு போட்ட பிறகுதான் முதல் எழுத்தையே அடிப்போம்.

தமிழில் இதில் இன்னொரு சிக்கல். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா 247 எழுத்தையும் ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்கிக் கொடுத்த புண்ணியவான். புள்ளி விசையை அழுத்தினால் வண்டி நகராது. ஒற்றைக்கொம்புக்கோ தனி இடம் வேண்டும். 'பெயர்' என்ற சொல்லில் எழுத்து மூன்று, தாளில் பிடிக்கும் இடம் நான்கு. எழுத்தை எண்ணித் தலைப்பை நடுவில் வைத்தவன் தோற்றான், இடத்தை எண்ணியவன் தேறினான்.

நான் தேறிவிட்டேன். தேறியவன்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எண்பதுகளில் ஓர் அலுவலகம். முதியோர் உதவித்தொகைப் பட்டியல் தயார் செய்ய வேண்டும். அப்போதெல்லாம் பணம் மணியார்டரில் போகும். வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், தொகை, குறிப்பு என்று ஆறு கலம். தணிக்கையில் இறந்துபோனதாகத் தெரிந்தவர்களுக்குக் குறிப்புக் கலத்தில் 'இறப்பு, நிறுத்தவும்' என்று அடிக்க வேண்டும். காகிதம் தட்டுப்பாடான நேரம். மூன்று தாளில் போகவேண்டியதை இரண்டு தாளில் அடக்கினால் கெட்டிக்காரன் என்று பெயர் வரும் என்று நினைத்தேன். ஓரத்தைக் குறைத்தேன், கலங்களுக்கு நடுவே இரண்டு இடம் மட்டும் விட்டேன், வரிக்கு வரி இடைவெளி இல்லாமல் அடித்தேன். நீளப் பெயர்கள் இரண்டாவது வரிக்கு மடிந்தன. ஒரு பெரியவரின் பெயர் அப்படி மடிந்தபோது, அவருக்கான குறிப்பும் இரண்டாவது வரியில் விழுந்தது. அதற்கு ஒட்டினாற்போலக் கீழே அடுத்த பயனாளி, ஒரு கிழவி. அடுத்த மேசைக்காரர் அந்தக் குறிப்பைக் கிழவிக்கு என்று படித்து, அவர் பெயரை அடித்துவிட்டார்.

இறந்தவருக்குப் போன மணியார்டர் திரும்பி வந்தது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் தபால்காரரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாதம் அந்த அம்மா பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். விசாரித்துவிட்டு ஒரு பையன் விஷயத்தைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. என் மேசை முன்னால் நின்று, "நான் செத்துட்டேன்னு எழுதியிருக்கியாமே, சாமி?" என்று கேட்டார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

நிலுவையோடு பணம் கிடைக்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. தலைமை எழுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த இரண்டு தாளையும் முன்னால் போட்டார். "ஒரு தாளை மிச்சம் பிடிச்சே. யாரோட சோத்துல மிச்சம் பிடிச்சேன்னு பார்த்தியா?" என்றார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை ஐந்து பெயருக்கு ஒரு வரி காலி விட்டுத்தான் அடித்தேன். யார் சிரித்தாலும் விட்டதில்லை.

இப்போது ஸ்லைடுக்கு வருகிறேன். பவர்பாயிண்ட் 1987 ஏப்ரலில் வந்தது. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் இருவரும் முன்னின்று ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனத்தில் மெக்கின்டாஷ் கணினிக்காகச் செய்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. அதற்கு முன்பு கூட்டங்களில் கண்ணாடித் தாளில் எழுதி விளக்கில் வைத்துச் சுவரில் காட்டுவார்கள். ஸ்லைடில் காகிதச் செலவு இல்லை. இருந்தும் மனிதன் பழக்கத்தை விடவில்லை. ஒரே ஸ்லைடில் அடைக்கத்தான் பார்க்கிறான்.

அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தொட்டியின் நுரைக்காப்பில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் ஸ்லைடு போட்டு அதிகாரிகளுக்கு விளக்கினார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் மாண்டார்கள். எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் அந்த ஸ்லைடுகளில் ஒன்றை எடுத்து ஆராய்ந்தார். சோதனையில் பயன்படுத்திய நுரைத்துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதோ 1,920 கன அங்குலம் என்ற செய்தி அதில் கடைசி வரியில், உள்ளே தள்ளி, சின்ன எழுத்தில் கிடந்தது. தலைப்போ ஆறுதலான தொனியில் இருந்தது. அந்த ஸ்லைடால்தான் விபத்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடுப் பழக்கத்தைக் கண்டித்தே எழுதியது. அந்த அறிக்கையைப் பற்றிப் பத்திரிகையில் படித்த அன்று எனக்கு அந்தக் கிழவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பேத்திக்கு நான் சொன்ன முறை பழைய தட்டச்சுக் கணக்குதான். இன்றைய அகலத்திரை ஸ்லைடின் அளவு 13.33 அங்குலம் அகலம், 7.5 அங்குலம் உயரம். இடமும் வலமும் அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓரம் விட்டால் நடுவில் சரியாக 12 அங்குலம் நிற்கும். மேலும் கீழும் முக்கால் அங்குலம் விட்டால் 6 அங்குலம். ஆக, குறுக்கே 12, நெடுக்கே 6 என்று ஓரங்குலக் கட்டங்கள். பன்னிரண்டு நல்ல எண். இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரியும். மேல் வரிசை தலைப்புக்கு, எல்லா ஸ்லைடிலும் அதே இடம். படத்துக்கு 4 கட்டம், அட்டவணைக்கு 8. அல்லது ஆறுக்கு ஆறு. இரண்டுக்கும் நடுவே கால் அங்குலம் காலி. எண்களெல்லாம் வலப்பக்கம் நேர்கோட்டில் முடிய வேண்டும், பெயர்களெல்லாம் இடப்பக்கம் நேர்கோட்டில் தொடங்க வேண்டும். இதற்கான வழிகாட்டிக் கோடுகள் மென்பொருளிலேயே இருக்கின்றன. மாஸ்டர் ஸ்லைடில் ஒருமுறை போட்டுவிட்டால் போதும். நம் டேபுலேட்டர் மாதிரி.

சுவிட்சர்லாந்தின் யோசெஃப் முல்லர் ப்ரோக்மன் 1981இல் இந்தக் கட்ட முறைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுவதும் வடிவமைப்பாளர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். அவர் புத்தகத்தைப் பேத்திதான் போனில் தேடிக் காட்டினாள். பக்கம் பக்கமாகக் கட்டம். "இது உங்க ஸ்டேட்மென்ட் மாதிரியே இருக்கு தாத்தா" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"இப்படி ஓரம் விட்டா எல்லாம் அடங்காதே?" என்றும் கேட்டாள். அடங்காவிட்டால் அடக்க வேண்டாம், இன்னொரு ஸ்லைடு போடு என்றேன். பத்து ஸ்லைடு பதினான்கு ஆனது. தையலில் எத்தனை ஜோடி கழிந்தது என்ற எண் முன்பு பொடி எழுத்தில் கீழே கிடந்தது. அது இப்போது தனி ஸ்லைடில், சுற்றிலும் வெற்றிடத்தோடு நின்றது.

"இதைப் பார்த்தா முதல்ல இதைத்தான் கேப்பாங்க" என்று தயங்கினாள்.

"கேட்கட்டும். நீ சொல்ல வேண்டியதும் அதுதானே?"

புதன்கிழமை ராத்திரி போன் செய்தாள். அதைத்தான் முதலில் கேட்டார்களாம், அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்களாம். என்ன முடிவாயிற்று என்று நான் கேட்கவில்லை. எண் சரியான வரியில், சரியான ஆள் கண்ணில் பட்டது என்பதே எனக்குப் போதும்.